கேமரா வாங்கும்போது எதை வாங்குகிறோம்?

பல மாதம் பணம் சேர்த்து, நாலு பேரிடம் விசாரித்து, ஒரு வீட்டில் நல்ல கேமரா வாங்குகிறார்கள். பெட்டிக்குள் கேமராவோடு ஒரு ஜூம் லென்ஸும் இருக்கிறது. வாங்கிய கையோடு பிள்ளையின் பள்ளி ஆண்டு விழா வருகிறது. மேடையில் மகள் பரதம் ஆடுகிறாள். அப்பா பத்தாவது வரிசையில் உட்கார்ந்து நூறு படங்களாவது எடுக்கிறார். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் முகத்தில் தெளிவில்லை. அபிநயம் பிடிக்கும் கை மங்கலாக இழுபட்டிருக்கிறது. பின்னால் இருக்கும் கறுப்புத் திரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். முதல் வரிசையில் இருந்த சித்தி ஃபோனில் எடுத்த படமோ பளிச்சென்று இருக்கிறது. குடும்ப வாட்ஸாப் குழுவில் எல்லோரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள்.

அந்த அப்பாவின் மனத்தில் எழும் கேள்வி நியாயமானது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமரா ஏன் ஃபோனிடம் தோற்றது? ஃபோன் பெட்டியில் 200 மெகாபிக்சல் என்றும் கேமரா பெட்டியில் 24 மெகாபிக்சல் என்றும் போட்டிருக்கிறதே, அதுதான் காரணமா?

அது காரணமில்லை. கேமராவிலும் பழுதில்லை. அந்த அரங்கின் கடைசி மூலை வரை போய் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்விக்கே விடை கிடைத்துவிடும். அதற்கு முன்னால் பெட்டிமேல் அச்சிட்டிருக்கும் அந்த எண்ணைப் பார்த்துவிடுவோம்.

மெகாபிக்சல் எதைச் சொல்கிறது?

டிஜிட்டல் படம் என்பது கட்டம் கட்டமாக அடுக்கிய நிறப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவில் நூறு வரிசை, வரிசைக்கு நூறு புள்ளி, ஆக மொத்தம் 10,000 பிக்சல்தான் இருந்தன. அதன் எடை சுமார் 3.6 கிலோ. கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. அங்கிருந்து தொடங்கியவர்களுக்குப் பிக்சல் எண்ணிக்கை உயிர்நாடியான விஷயம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களிலும் அப்படித்தான். 2 மெகாபிக்சலிலிருந்து 6 மெகாபிக்சலுக்குத் தாவியபோது படத்தின் தெளிவில் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. கடைக்காரரும் வாங்குபவரும் அந்த எண்ணையே தரத்தின் அளவாகப் பழகிக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

இன்றைய தேவையைப் பார்ப்போம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் 8க்கு 12 அங்குலப் படத்துக்கு 2400 பெருக்கல் 3600, அதாவது சுமார் 86 லட்சம் பிக்சல் வேண்டும். 4கே தொலைக்காட்சித் திரை முழுவதிலும் இருப்பதே ஏறத்தாழ 83 லட்சம்தான். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 பக்கத்தை ஒரே படத்தால் நிரப்ப ஏறக்குறைய 2 கோடி. 24 மெகாபிக்சல் கேமரா இவை எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அச்சின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்க, பிக்சல் நான்கு மடங்கு தேவை. அதனால் 24க்கும் 32க்கும் இடையே உள்ள வித்தியாசம் பெட்டியில் தெரிகிற அளவுக்குப் படத்தில் தெரிவதில்லை.

2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் முதன்மைக் கேமராக்கள் 2 மெகாபிக்சல் கொண்டவை. அந்தச் சிவந்த மலைச்சரிவுப் படங்களைப் பார்த்து நாம் வியந்தது அந்த 2 மெகாபிக்சலில்தான். அகலமான காட்சி வேண்டுமென்றால் பல படங்களை எடுத்து ஒட்டுகிறார்கள். அங்கே அவசரமும் இல்லை, மலை நகர்வதும் இல்லை. ஒளியைப் பதியும் அந்தக் கேமராவின் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் 7.4 மைக்ரான் அகலம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 200 மெகாபிக்சல் ஃபோன் ஒன்றில் பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான். பரப்பில் பார்த்தால், ஊர்தியின் ஒரு பிக்சலுக்குள் ஃபோனின் பிக்சல்கள் 150 அடங்கும்.

பிக்சலைவிடப் பெரிய ஒளிப்பொட்டு

0.6 மைக்ரான் என்பது பச்சை ஒளியின் அலைநீளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அங்கேதான் சிக்கல் வருகிறது.

ஒளி ஒரு துளை வழியாகப் போகும்போது அதன் விளிம்பில் பட்டு லேசாக விரிகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தது இதைத்தான். எவ்வளவு கச்சிதமாகச் செய்த லென்ஸாக இருந்தாலும், வானத்தில் ஊசிமுனையாகத் தெரியும் ஒரு நட்சத்திரத்தை ஊசிமுனையாகவே சென்சாரில் விழவைக்க முடியாது. அது ஒரு சிறு வட்டப் பொட்டாகத்தான் விழும். நல்ல ஃபோன் லென்ஸில் பச்சை ஒளிக்கு அந்தப் பொட்டின் குறுக்களவு சுமார் 2.3 மைக்ரான். அதாவது லென்ஸ் வரையக்கூடிய மிகச் சிறிய பொட்டே ஒரு டஜன் பிக்சலை மூடிவிடுகிறது. 20 கோடி கட்டங்களாகப் பிரித்துவைத்தாலும் லென்ஸால் அத்தனை தனித்தனி விவரங்களைக் கொடுக்க முடியாது.

ஃபோன் தயாரிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் இந்த ஃபோன்கள் வழக்கமான பயன்பாட்டில் 16 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, 2.4 மைக்ரான் அகலமுள்ள ஒரே பிக்சலாகக் கணக்கிட்டு, சுமார் 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகின்றன. எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2020இல் சோனி வெளியிட்ட ஏ7எஸ் 3 என்ற விலையுயர்ந்த கேமரா, குறைந்த வெளிச்சத்தில் வீடியோ எடுப்பவர்களுக்காக வேண்டுமென்றே 12 மெகாபிக்சலோடு வந்தது.

ஒளி எண்ணிக்கையாக வருகிறது

இருட்டில் எடுத்த படத்தில் அந்தப் பொடிப்புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? பலரும் கேமராவின் கோளாறு என்று நினைக்கிறார்கள். பெரும்பங்கு, ஒளியின் இயல்பிலிருந்தே வருகிறது.

ஒளி தொடர்ச்சியான ஓட்டமாக வருவதில்லை. தனித்தனித் துகள்களாக, ஃபோட்டான்களாக வருகிறது. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளித்துகள்களை எண்ணுகிறது. எண்ணிக்கை அதிகமென்றால் வெள்ளை, குறைவென்றால் கறுப்பு. ஆனால் அந்தத் துகள்கள் ஒரே சீராக வந்து விழுவதில்லை.

ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். இந்த நிமிடம் 4 பேர், அடுத்த நிமிடம் ஒருவர், அதற்கடுத்த நிமிடம் 7 பேர். இந்தக் கடைக்கு நிமிடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரே நிமிடத்தை வைத்துச் சொன்னால் கேலிக்கூத்தாகிவிடும். நாள் முழுக்க எண்ணினால் ஒருநாள் 900, மறுநாள் 930, இன்னொரு நாள் 880 என்று வரும். ஏற்ற இறக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் மொத்தத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது. இப்படித் தாறுமாறாக வருகிறவற்றுக்கு ஓர் எளிய விதி உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய அவ்வளவு. 900 வந்தால் 30, நூற்றுக்கு 3. 100 வந்தால் 10, நூற்றுக்கு 10. 25 மட்டுமே வந்தால் 5, நூற்றுக்கு 20.

கறுப்புத் திரையில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரண்டும் ஒரே அளவு ஒளியைத்தான் பெறவேண்டும். ஒன்றில் 20 துகள், பக்கத்தில் 29 துகள் விழுந்தால் படத்தில் ஒன்று இருண்டும் ஒன்று வெளுத்தும் தெரியும். அதுதான் அந்தப் பொடிப்புள்ளி. கேமராக்காரர்கள் நாய்ஸ் என்பதும் கிரெயின்ஸ் என்பதும் இதைத்தான். இதற்கு ‘ஒளித்துளி நடுக்கம்’ என்று இந்த அத்தியாயத்துக்கு மட்டும் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

புள்ளிகள் ஏன் சிவப்பும் பச்சையுமாக இருக்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. பிக்சலுக்கு நிறம் தெரியாது. அதற்கு எண்ண மட்டுமே தெரியும். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு நான்கு பிக்சலிலும் இரண்டின்மேல் பச்சை, ஒன்றின்மேல் சிவப்பு, ஒன்றின்மேல் நீலம் என்று வடிகட்டிகளை வைக்கிறார்கள். மற்ற நிற ஒளியை வடிகட்டி தடுத்துவிடும். ஆகவே சிவப்புப் பிக்சலில் ஏற்படும் நடுக்கம் சிவப்புப் பொட்டாகத் தெரிகிறது. இன்றைய பெரும்பாலான ஃபோன்களிலும் கேமராக்களிலும் அவருடைய அமைப்போ அதன் மாறுதலோதான் வேலை செய்கிறது.

சென்சாரின் பரப்பும் லென்ஸின் வாயும்

நடுக்கத்தைக் குறைக்க ஒரே வழி, அதிகத் துகள்களைப் பிடிப்பது. அதற்கு மூன்று வழிகள் உண்டு. ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கலாம். சென்சாரின் பரப்பைப் பெரிதாக்கலாம். லென்ஸின் வாயை அகலமாக்கலாம்.

சென்சார் அளவுகளைப் பெயரை வைத்து நம்பவேண்டாம். ஒரு அங்குல சென்சார் என்று விற்பதன் நீளம் 13.2 மில்லிமீட்டர், அகலம் 8.8, மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய தொலைக்காட்சிக் கேமராவின் கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயரிட்ட வழக்கம் இன்னும் தொடர்வதால் வந்த குழப்பம் இது. சதுர மில்லிமீட்டரில் கேட்டால் குழப்பம் தீரும். உயர்ரக ஃபோனின் முதன்மைக் கேமரா சுமார் 72. ஒரு அங்குல சென்சார் 116. தொடக்கநிலை, நடுநிலை கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சுமார் 366. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் அளவே கொண்ட ஃபுல் ஃபிரேம் 864.

லென்ஸின் வாயைக் குறிக்கும் எண் லென்ஸ் வளையத்திலேயே எழுதியிருக்கும்: எஃப்/1.8, எஃப்/5.6 என்று. குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தால் இது கிடைக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/1.8 என்றால் வாயின் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர். பெட்டியோடு வரும் 18-55 ஜூம் லென்ஸை 55க்குத் திருகினால் எஃப்/5.6, வாய் 10 மில்லிமீட்டர்கூட இல்லை. எண் சிறிதானால் வாய் பெரிது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். வாயின் பரப்புதான் ஒளியைத் தீர்மானிக்கிறது என்பதால், 5.6க்கும் 1.8க்கும் இடையே ஒளியில் ஏறத்தாழ 10 மடங்கு வித்தியாசம். இந்த 10 மடங்கைக் கொஞ்சம் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆண்டு விழா மேடைக் கணக்கு

இப்போது அந்த அரங்குக்குத் திரும்புவோம். நம் கண் மங்கிய ஒளிக்குப் பழகிவிடுவதால் மேடை பிரகாசமாக இருப்பதாகத் தோன்றும். லக்ஸ் என்ற ஒளி அளவில் பார்த்தால் நண்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம். சாதாரணப் பள்ளி மேடையில் 200 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் முகமும் உடையும் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பட்டும்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம்? ஆடுகிற கை விநாடிக்கு 2 மீட்டர் நகர்கிறது என்று கொண்டால், விநாடியில் 30இல் ஒரு பங்கு நேரத்தில் அது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் போய்விடும். 250இல் ஒரு பங்கு நேரத்தில் 8 மில்லிமீட்டர்தான் நகரும். ஆக 250இல் ஒரு பங்கு என்று நிறுத்திக்கொள்வோம். இதை மாற்றும் உரிமை நமக்கில்லை. பிள்ளையின் கைதான் முடிவுசெய்கிறது.

நியாயமாக ஒப்பிட, எந்தக் கருவியில் எடுத்தாலும் படத்தை 1.2 கோடி கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு எத்தனை ஒளித்துகள் கிடைக்கிறது என்று பார்ப்போம். ஃபோன் சென்சாரில் ஒரு கட்டத்தின் பரப்பு 6 சதுர மைக்ரான். ஏபிஎஸ்-சியில் 30. ஃபுல் ஃபிரேமில் 72. வடிகட்டியில் வீணாவதைக் கழித்தால், எஃப்/1.8 லென்ஸில் மேற்சொன்ன வெளிச்சத்தில் ஒரு சதுர மைக்ரானுக்குத் தோராயமாக 40 துகள் எண்ணப்படும். துல்லியமான எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், விகிதங்கள் மாறாது.

முதலில் சித்தி. மேடையிலிருந்து 3 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறார். ஃபோனின் அகலக் கோணத்தில் பிள்ளை முழு உருவமாக அழகாக அடங்குகிறாள். லென்ஸ் எஃப்/1.7, சதுர மைக்ரானுக்கு 45 துகள். கட்டத்துக்கு 270. நடுக்கம் 16, நூற்றுக்கு 6.

அடுத்து அப்பா. 10 மீட்டர் தூரம். அதே அளவு சட்டகம் வேண்டும் என்பதால் ஜூமை 55க்குத் திருகுகிறார். எஃப்/5.6 ஆகிவிட்டது, 40 துகள் 4 ஆகிறது. கட்டத்துக்கு 120. நடுக்கம் 11; நூற்றுக்கு 9. ஐந்து மடங்கு பெரிய சென்சாரை வைத்துக்கொண்டும் அவருக்குக் கிடைத்தது ஃபோனுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. பெரிய சென்சார் கொடுத்ததை லென்ஸின் சின்ன வாய் பறித்துக்கொண்டுவிட்டது. இதுதான் அன்று நடந்தது.

கை மங்கியதற்கும் இதுவே காரணம். கேமராவை ஆட்டோவில் விட்டிருந்தால், போதிய ஒளி இல்லை என்று கண்டு அது ஷட்டரை 30இல் ஒரு பங்கு வரை நீட்டியிருக்கும். துகள்கள் 8 மடங்காகி நடுக்கம் குறைந்திருக்கும். கை 7 சென்டிமீட்டர் இழுபட்டிருக்கும். ஃபிளாஷ் போட்டவர்களுக்கும் நன்மையில்லை. கேமராவோடு ஒட்டிய சின்ன ஃபிளாஷின் வெளிச்சம் முன்வரிசைத் தலைகளில் விழுந்தே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆடுகிற பிள்ளையின் கண்ணிலும் அடிக்கும். மேடை நிகழ்ச்சியில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சித்தியின் ஃபோனை அப்பாவின் இடத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 10 மீட்டரிலிருந்து அதன் அகலக் கோணத்தில் மேடை முழுவதும் விழும். அதில் பிள்ளை இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாக்கினால் சென்சாரில் பத்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. கட்டத்துக்கு 27 துகள். நடுக்கம் நூற்றுக்கு 19. ஃபோனின் தொலைநோக்கு லென்ஸுக்கு மாறலாம்; ஆனால் அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இன்னும் சிறிய சென்சார். ஆக ஃபோன் ஜெயித்ததில் பெரும்பங்கு சித்தியின் நாற்காலிக்குச் சேரும்.

இப்போது அப்பாவின் அதே கேமராவில் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸை மாட்டுவோம். வேறு எதுவும் மாறவில்லை; அதே இருக்கை, அதே மேடை, அதே ஷட்டர். சதுர மைக்ரானுக்கு 40 துகள், கட்டத்துக்கு 1200. நடுக்கம் நூற்றுக்கு 3. ஒரே லென்ஸ் மாற்றத்தில் ஒளி 10 மடங்கு. இந்த லென்ஸ் பல நிறுவனங்களின் வரிசையில் மிக மலிவானவற்றுள் ஒன்று.

லென்ஸுக்குப் பதில் கேமராவை மாற்றினால்? ஃபுல் ஃபிரேம் வாங்கி, அதே சட்டகத்துக்கு ஏற்ற எஃப்/1.8 லென்ஸும் வாங்கினால் கட்டத்துக்கு 2880. நடுக்கம் நூற்றுக்கு 2க்குக் கீழே. இது முன்னேற்றம்தான். ஆனால் மலிவான லென்ஸ் 10 மடங்கு தந்த இடத்தில், பல மடங்கு செலவு வைக்கும் பெரிய கேமரா கூடுதலாக 2.4 மடங்கு தருகிறது. கேமரா உடலுக்குப் பெரும்பணம் கொடுத்துவிட்டு லென்ஸுக்குக் கையை விரிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பட்ஜெட்டில் முதல் இடம் லென்ஸுக்குத்தான்.

அகன்ற வாய்க்கு ஒரு விலை உண்டு. முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். 10 மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸில் சுமார் 3 மீட்டர் ஆழம் தெளிவாக இருக்கும், நடனத்துக்குத் தாராளம். 2 மீட்டரில் அது ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான். ஒரு கண்ணில் குவித்தால் காது மங்கும். பிறந்தநாளுக்குக் கேக்கைச் சுற்றி நிற்கும் எல்லோரும் தெளிவாக விழவேண்டுமென்றால் வாயைச் சுருக்கத்தான் வேண்டும்.

ஃபோன் செய்யும் கூடுதல் வேலை

ஃபோனுக்குரிய பெருமையைக் குறைக்கக்கூடாது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சராசரி காண்கிறது. எட்டுப் படம் சேர்த்தால் எட்டு மடங்கு ஒளித்துகள் சேர்ந்ததற்குச் சமம். கோயில் கோபுரம், சாப்பாட்டுத் தட்டு, அசையாமல் நிற்கும் மனிதர் என்றால் இந்த உத்தி பிரமாதமாகப் பலிக்கும். சென்சாரின் சிறுமையை மென்பொருளால் ஈடுகட்டிய இந்தச் சாதனை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுப் புகைப்படக் கலையில் பெரிய திருப்பம்.

அசைகிற கையில்தான் அது தடுமாறுகிறது. எட்டுப் படத்திலும் கை எட்டு இடத்தில் இருக்கும். மென்பொருள் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். பிறகு அதிலுள்ள நடுக்கத்தை வழித்து மெழுகவேண்டும். சித்தியின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சலங்கை மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புடவையின் சரிகை வேலைப்பாடு வழவழப்பாகிவிட்டிருக்கும். கைபேசித் திரையில் இது தெரியாது, 12க்கு 18 ஆல்பத்தில் தெரியும்.

ஐஎஸ்ஓ பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐஎஸ்ஓவை ஏற்றினால் கேமராவின் கண் கூர்மையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே எண்ணிய துகள்களைப் பெருக்கிக் காட்டுவதே ஐஎஸ்ஓவின் முதன்மை வேலை. 27 துகளைப் பத்தால் பெருக்கினால் அதனோடு இருந்த 5 நடுக்கமும் 50 ஆகும். ஐஎஸ்ஓ 1,02,400 வரை போகும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதை வாங்கும் காரணமாகக் கொள்ளவேண்டாம்.

யாருக்கு எது?

மேடைக்கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. வெயிலில் பிள்ளைகள் விளையாடுவது, சுற்றுலா, வீட்டு விசேஷத்தில் அருகில் நின்று எடுக்கும் படங்கள் இவைதான் தேவை என்றால், கையில் நல்ல ஃபோன் இருப்பவர் கேமரா வாங்கவே வேண்டாம். அந்தப் பணத்துக்குப் படங்களை அச்சுப்போட்டு ஆல்பமாக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் பறவை பார்க்கப் போகிறவரின் கணக்கு வேறு. அங்கே பகல் வெளிச்சம் தாராளம், தூரம்தான் பிரச்சினை. கூழைக்கடாவைச் சட்டகத்தில் நிரப்ப 300, 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும். பறவை சிறியதாகவே விழும் என்பதால் படத்தை வெட்டிப் பெரிதாக்க அதிக மெகாபிக்சல் உண்மையிலேயே உதவும். ஃபுல் ஃபிரேமைவிட ஏபிஎஸ்-சி இங்கே பொருத்தமாகக்கூட இருக்கும். ஆட்டோஃபோகஸ் பறக்கும் பறவையை விடாமல் பின்தொடர்கிறதா என்பதும் மெகாபிக்சலுக்குக் குறையாத முக்கியம். மேடை நடனத்துக்கும் அப்படியே. கண்ணை அடையாளம் கண்டு அதிலேயே குவிந்திருக்கும் வசதி சில ஆண்டுகளாக நடுத்தர விலைக் கேமராக்களிலும் வந்துவிட்டது. கையதிர்வைத் தணிக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும். ஆடுகிறவரின் கையை அது நிறுத்தாது.

கடைக்குப் போவதற்கு முன்

கேமரா உடல் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். நல்ல லென்ஸ் இருபது முப்பது ஆண்டு உழைக்கும். ஒரு நிறுவனத்தின் லென்ஸ் இன்னொன்றின் கேமராவில் பெரும்பாலும் நேராகப் பொருந்தாது. ஆகவே முதல் லென்ஸ் வாங்கும்போதே அடுத்த பத்தாண்டுக்கான நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். உங்களுக்குத் தேவைப்படும் லென்ஸ்கள் அந்த வரிசையில் கட்டுப்படியாகும் விலையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதிய லென்ஸ்கள் இப்போது பெரும்பாலும், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கே வருகின்றன. மறுபக்கம், அதனாலேயே அந்தக் கண்ணாடி உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. கைக்காசு குறைவாக உள்ள மாணவருக்கு ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸும் என் முதல் பரிந்துரை.

பழையது வாங்கினால் ஷட்டர் கவுண்ட் கேளுங்கள். பல தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எண்பதாயிரத்தைத் தொட்டதை முழுவிலைக்கு வாங்கக்கூடாது. லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். உள்ளே மெல்லிய நூலிழைகள் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பீரோவுக்குள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். ஆழமாகப் போனால் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். புதிதோ பழசோ, வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கிவிடுங்கள். தோல் உறைக்குள் மூடி வைக்காதீர்கள்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குமுன் இருக்கும் பிரகாசமான விளக்கொளியில் சோதிப்பது வீண். சற்று இருண்ட மூலைக்குப் போய், ஷட்டரை 250இல் ஒரு பங்குக்கு வைத்து, லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, கூட வந்தவரைக் கையை வீசச் சொல்லி எடுத்துப் பாருங்கள். அதே இடத்தில், அதே தூரத்தில் உங்கள் ஃபோனிலும் ஒன்று எடுங்கள். கடைக்காரரிடம் கேட்டு இரண்டையும் கணினித் திரையில் ஒரே அளவில் வையுங்கள். விரல்களையும் புருவத்தையும் பார்த்தாலே போதும். வித்தியாசம் தெரியாவிட்டால் அன்று எதையும் வாங்காமல் திரும்பலாம். அல்லது அதே உடலில் வேறு லென்ஸை மாட்டச் சொல்லி இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம்.